கம்பிக்கும் கூரைக்கும் நடுவே

"டீச்சர், டவர் லைன் ஓரமா ஒரு இடம் சல்லிசா வருது. வாங்கலாமா? கைக்குழந்தை இருக்கு. அந்தக் கரண்டுல கேன்சர் வரும்னு எல்லாரும் சொல்றாங்க."

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் பள்ளியில் என்னிடம் அறிவியல் படித்த பிள்ளைகள் இப்போது வீடு கட்டும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கோத்தகிரிச் சாலையிலும் கேத்திச் சரிவிலும் சமமான நிலம் கிடைப்பதே அரிது. கிடைக்கிற துண்டுக்கு மேலேயும் பெரும்பாலும் ஒரு மின்கம்பி போகிறது. அதனால் இந்தக் கேள்வி என் வாசலுக்கு ஓயாமல் வருகிறது. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "கம்பிக்கும் நீ கட்டப்போற மொட்டை மாடிக்கும் எத்தனை அடிப்பா?" அது தெரியாது. புற்றுநோயைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்திருப்பார்கள். கம்பியின் உயரத்தை யாரும் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். பயப்படுவதில் தவறே இல்லை. ஆனால் இந்தப் பயம் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொண்டு, உட்கார வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரம் எடுத்தார்கள். 1932-ல் பைக்காரா வந்தது. கிளன்மார்கன் மேட்டிலிருந்து 3,000 அடிக்கும் மேல் இரும்புக் குழாயில் இறங்கிய தண்ணீர் சிங்காராவில் சக்கரத்தைச் சுழற்ற, அந்த மின்சாரம் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்குப் போனது. 1952-ல் மாயாறு. கனடா நாட்டின் உதவியோடு குந்தாத் திட்டம். 1960-ல் அதன் முதல் மின்சாரம். பிறகு பரளி, பில்லூர், அவலாஞ்சி, காட்டுக்குப்பை என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 2005-ல் மசினகுடிக்கு அருகே மலைக்குள்ளேயே குடைந்து 150 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள்.

என் அப்பா குந்தா வேலைக்குக் கல் உடைக்கச் சேலத்துப் பக்கமிருந்து மலையேறியவர். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், நான் சிம்னி விளக்கில்தான் படித்தேன். கதவைத் திறந்தால் எதிர்ச்சரிவில் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். "இவ்வளவு பெரிய கம்பி போகுதே, நமக்கு ஏன் லைட் இல்ல?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். அதற்கான பதிலைக் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். மின்சாரம் தொலைதூரம் போக வேண்டுமென்றால் அழுத்தத்தை உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்ப வேண்டும். அழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால் ஓட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் சூடாக வீணாவது நூறில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் 110, 220 கிலோவோல்ட் என்று ஏற்றி அனுப்புகிறார்கள். அப்படி ஏற்றியதை வீட்டுக்குத் தர வேண்டுமானால் துணை மின்நிலையத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். தலைக்கு மேல் போகிற பெரிய கம்பிக்கும் நம் வீட்டு பல்புக்கும் நேரடி உறவு கிடையாது.

மூடுபனி இறங்கும் மாலைகளில் கோபுரத்துக்குக் கீழே நடந்திருப்பவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். எண்ணெய்ச் சட்டியில் நீர் தெறித்தது போன்ற சலசலப்பு விடாமல் கேட்கும். கம்பியைச் சுற்றியுள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாக மின்மயமாகிச் சிதறும் ஒலி அது. கம்பியில் நீர்த்துளி படிந்திருக்கும்போது அதிகமாகும். உதகையைப் போல ஆண்டில் பாதி நாள் ஈரத்தில் கிடக்கும் ஊரில் அடிக்கடி கேட்கத்தான் செய்யும். இதைக் கேட்டுவிட்டு, "கரண்டு லீக் ஆகி நம்ம மேல இறங்குது" என்று நடுங்கிப் போனவர்கள் உண்டு. அந்தச் சிதறல் கம்பியை ஒட்டிய காற்றோடு முடிந்துவிடுகிறது. நம்மை எட்டுவது வேறு இரண்டு.

ஒன்று மின்புலம். அழுத்தம் இருந்தாலே அது இருக்கும். கம்பியில் ஓட்டம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் சுவர், மரம், ஓட்டுக்கூரை எல்லாம் அதைப் பெருமளவு தடுத்துவிடும். மற்றது காந்தப்புலம். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் உண்டாவது. மாலையில் எல்லா ஊரும் விளக்குப் போடும்போது கூடும், நள்ளிரவில் குறையும். சுவர் அதைத் தடுக்காது, தூரம்தான் குறைக்கும். குளிருக்கு மூட்டிய கணப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: கை நீட்டினால் சுடும், நாலடி தள்ளினால் இதம், அடுத்த அறைக்குப் போனால் அது இருப்பதே தெரியாது. மின்கம்பியின் புலமும் அப்படித்தான் சட்டென்று வலுவிழக்கிறது. 50 முதல் 100 மீட்டர் தள்ளிப் போனால், உயர் அழுத்தக் கம்பியே இல்லாத ஊரில் இருக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மின்புலத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பெரிய லைனுக்கு அடியில் இருட்டில் ஒரு டியூப் லைட்டைக் கையில் தூக்கிப் பிடித்தால், எந்த இணைப்பும் இல்லாமல் அது மங்கலாக எரியும். 2004-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் ஒரு வயலில் 1,301 டியூப்களை நட்டு வைத்து எரியவிட்டார். நம் கொங்கு நாட்டு விவசாயிகளும் 2018, 2019-ல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது இப்படி டியூப் லைட்டைக் கையில் ஏந்திக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. டியூப் எரிவது உண்மை. அதற்குள் இருக்கும் மெல்லிய வாயு எளிதில் தூண்டப்படுவதால் எரிகிறது. நம் உடம்பு அந்த வாயு இல்லை என்பதும் உண்மை.

ஆனால் அந்த விவசாயிகளின் கோபத்தை இந்த ஒரு வரி விளக்கத்தால் தள்ளிவிட எனக்கு மனம் வராது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன் வந்தது. அங்கிருந்து திருச்சூருக்கு இன்னொரு லைன். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் காட்டில் கோபுரம் நடுகிறார்கள். தென்னையை வெட்ட வேண்டும், கிணற்றுக்குப் பக்கத்தில் கால் ஊன்றுகிறது, நிலத்தை விற்கவும் முடியாது. அதே திருச்சூர் லைன் கேரளத்துக்குள் ஒரு பகுதியில் நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நிலம் போன வலியைச் சொன்னால் காது கொடுக்காதவர்கள், நோய் வரும் என்று சொன்னால் ஒருவேளை திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஏழைக்குத் தோன்றிவிடுகிறது. அதிகாரிகள் நிலத்தைப் பற்றி நேர்மையாகப் பேசியிருந்தால், கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு அங்கே இத்தனை வேலை இருந்திருக்காது.

சரி, புற்றுநோய்க்கு வருகிறேன். இந்தச் சந்தேகம் 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் தொடங்கியது. நான்சி வெர்த்தைமர், எட் லீப்பர் என்ற இருவர், ரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகள் மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் அதிகம் இருப்பதாக எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். 2000-ல் பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் உள்ள வீடுகளில் குழந்தை ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு, நோயும் அரிது. எதனால் என்று காட்ட முடியவில்லை. நொடிக்கு 50 சுழற்சிப் புலத்துக்கு உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இல்லை; விலங்குகளில் செய்த சோதனைகளும் துணை நிற்கவில்லை. ஆகவே 2002-ல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மின்கம்பிக் காந்தப்புலத்தை "ஒருவேளை காரணமாகலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது. உறுதியாகக் காரணம் என்ற பிரிவில் அதை வைக்கவில்லை. மின்புலத்துக்கு அந்தச் சந்தேகப் பிரிவும் கிடையாது.

பிரிட்டனில் 2005-ல் வந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறந்த வீடு கம்பிக்கு 200 மீட்டருக்குள் இருந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சுமார் 70 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் 600 மீட்டர் வரைகூடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்குப் புலமே எட்டாதே! அதே ஆராய்ச்சிக் குழு 2014-ல் ஐம்பதாண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் பழைய பத்தாண்டுகளில் மட்டும் இருந்தது. பின்னால் வந்த ஆண்டுகளில் இல்லை. கம்பியின் புலம்தான் காரணமென்றால் காலம் போகப் போக மறைந்திருக்கக் கூடாது. கம்பி ஓரம் யார் குடியிருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பது போன்ற வேறு ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு தாய். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். லயத்துக்கு மேலே லைன் போகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து கம்பியைப் பார்த்தார்கள்; பிறகு அவளைப் பார்த்தார்கள். "இங்கேயே ஏன் வெச்சு வளர்த்த?" என்று கேட்காமல் கேட்டார்கள். அவளுக்குப் போக்கிடம் ஏது? வேலை அங்கே, வீடு அங்கே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: "கம்பியால வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது, தாயி. கம்பியே இல்லாத ஊர்லயும் இந்த நோய் வருது. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. சிகிச்சையை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாத." குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சரியான நேரத்தில் முழுமையாக சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. வீடு மாற்றலாமா, பரிகாரம் செய்யலாமா என்று அலைந்தே மருந்து நாட்களைத் தவறவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது.

அளவுகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு 2010 முதல் 200 மைக்ரோடெஸ்லா. மின்புலத்துக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட். பெரிய லைனுக்கு நேர் கீழே நின்றால் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா வரை போகலாம். தலைமுடி உலர்த்தும் கருவியை 3 சென்டிமீட்டரில் வைத்தால் 6 முதல் 2,000 வரைகூட வரும். ஆனால் அது சில நிமிடம், கம்பி நாள் முழுவதும் என்ற வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் தூங்கும் அறையைக் கம்பிக்கு எதிர்ப்பக்கம் வைத்துக் கட்ட வசதி இருந்தால் கட்டுங்கள். செலவில்லாத எச்சரிக்கை. இல்லையென்றால் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, கம்பி உண்மையில் எப்படிக் கொல்கிறது என்பதைப் பேசுவோம். அதற்குச் சான்று தேட ஆய்வுக்கூடம் வேண்டாம்.

110 கிலோவோல்ட் லைனுக்கு 22 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும். 220-க்கு 35 மீட்டர். கட்டடத்துக்கு நேர் மேலே போனால், 110-க்குக் கூரையிலிருந்து செங்குத்தாக 4.6 மீட்டர், பக்கவாட்டில் 2.9 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விதி. சமவெளியில் இதை நிமிர்ந்து பார்த்தே ஓரளவு கணக்கிடலாம். மலையில் கண் ஏமாற்றிவிடும். பள்ளத்துக்கு மேல் கம்பி வானத்தில் போவது போலத் தெரியும்; அதே கம்பி எதிர்மேட்டை நெருங்கும்போது தேயிலைப் பாத்திக்குத் தலையளவில் தாழ்ந்துவிடும். சரிவில் கட்டும் வீட்டில் கீழ்த்தளம் சாலைக்குக் கீழே இருக்கும். மேல்தளம் கம்பியோடு சமமாக வந்து நிற்கும். ஜே.சி.பி. வைத்து மேட்டை வெட்டி, அந்த மண்ணைக் கம்பிக்கு அடியில் கொட்டி சமன் செய்கிறார்கள். கம்பி இறங்கவில்லை, நிலம் ஏறிவிட்டது. வெயில் நாளிலும் சுமை கூடிய மாலையிலும் கம்பி சூடாகி இன்னும் தொய்யும். அளப்பதற்கும் கோல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த அழுத்தத்தில் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களே கருவி வைத்து அளப்பார்கள்.

ஏணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பர்லியார்ப் பக்கமும் கூடலூரிலும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். முன்பு ஒற்றை மூங்கிலில் கணுவை விட்டு வெட்டி, அதில் கால் வைத்து ஏறுவார்கள். இப்போது அலுமினிய ஏணி வந்துவிட்டது. எடை குறைவு, நீளம் அதிகம். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்கு ஏணியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியபடியே நகர்த்துகிறார்கள். கண் மிளகுச் சரத்தில் இருக்கும், ஏணியின் நுனி 11 கிலோவோல்ட் கம்பியில் இருக்கும். கேரட் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயைத் தூக்கி நிமிர்த்துவதும் இதே கதைதான். மேஸ்திரிமாரே, கம்பிக்குக் கீழே உள்ள நிரைகளுக்கு மூங்கில் ஏணியைக் கொடுங்கள். அதுவும் ஈரமில்லாத நாளில், கம்பிக்கு எட்டாத நீளத்தில். சில்வர் ஓக் கிளை கழிக்க வேண்டுமென்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

லைனுக்கு இணையாக நீளமாகக் கட்டிய முள்கம்பி வேலி, துணி காயப்போடும் கம்பி, தகரக் கூரை ஆகியவற்றைத் தொடும்போது சுருக்கென்று அதிர்ந்தால், அது பெரிய லைனின் புலம் தூண்டும் மின்சாரம். பெரும்பாலும் சுருக்கோடு போய்விடும். ஆனால் படியில் ஏறும்போது திடுக்கிட்டு விழுந்தால் இடுப்பு போகும். வேலியை எர்த் செய்யச் சொல்லுங்கள், நின்றுவிடும். வீட்டு வயரிங்கில் கசிவு இருந்தாலும் இதேபோல அதிரும் என்பதால் வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

மழைக்காலம்தான் எனக்குப் பெரும் பயம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் கற்பூர மரங்கள் வேரோடு சாய்ந்து கம்பிகளை இழுத்துக்கொண்டு விழும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஈர மண்ணில் அது விழுந்த இடத்திலிருந்து அழுத்தம் அலையலையாகப் பரவிக் குறைந்துகொண்டே போகும். அகலமாக அடி வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டால் மின்சாரம் உடம்பு வழியே பாயும். கம்பியைத் தொடாமலே சாவது இப்படித்தான். மாடுகளுக்கு முன்கால் பின்கால் இடைவெளி அதிகம். முதலில் அவை விழும். அவற்றைக் காப்பாற்ற ஓடியவர் அடுத்து விழுவார். தேயிலை பறிக்கும் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது: கம்பி அறுந்து கிடந்தால் நின்ற இடத்தில் நில்லுங்கள். பிறகு இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல், தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். முப்பது நாற்பது அடி போன பிறகு மற்றவர்களைத் தடுத்து நிறுத்தி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த மழையில் வரும் லைன்மேன் ஒருவருக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுங்கள். அவர் ஏறும் கம்பத்தில் நம்மைவிட அவருக்குத்தான் ஆபத்து.

காட்டு உயிர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? தெருவை ஒட்டாத 11 கிலோவோல்ட் திறந்த கம்பி 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் விதிப்படி போதும். கொம்பன் தும்பிக்கையைத் தூக்கினால் அது எட்டிவிடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உயிரோடு தப்பி அவற்றைச் சுற்றி நின்றன. அதே மாதம் கெலவள்ளியில் மேடான இடத்தில் ஏறிய ஒரு யானை, மேலே போன மின்கம்பியில் பட்டு விழுந்தது. மண் மேடேறினால் கம்பி தாழும் என்று வீட்டுக்குச் சொன்ன கணக்குதான் யானைக்கும். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குப் பதிவும் ஒழுங்கும் கேட்டு விதிகள் கொண்டுவந்தது.

காட்டுப் பன்றியும் காட்டு மாடும் ஒரே இரவில் கேரட் தோட்டத்தை முடித்துவிடும் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் போடுவது கொலை. பன்றிக்கு வைத்ததில் அதிகாலையில் தண்ணீர் திருப்பப் போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் விழுவார். பதிவு செய்த சூரியமின் வேலி நொடிக்கு ஒரு சிறு துடிப்பு மட்டும் தரும், விரட்டும், கொல்லாது. அதற்கு மானியம் கேளுங்கள், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேளுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள். மசினகுடி, சீகூர், கல்லாறு போன்ற யானைத் தடங்களில் கம்பிகளை உயர்த்தவும், உறை போட்ட கம்பியாக மாற்றவும், சாய்ந்த கம்பங்களை மழைக்கு முன்பே, மே மாதத்துக்குள் நிமிர்த்தவும் ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானம் போடுங்கள். பணமில்லை என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தொண்ணூறு ஆண்டுகளாக இந்த மலையின் ஆறுகள் சமவெளிக்கு மின்சாரம் கொடுத்துவருகின்றன. அந்த வருமானத்தில் சில கம்பங்களுக்கான பங்கு மலைக்கு உண்டு.